இடுப்பளவுத் தண்ணீர்

தஞ்சாவூர்
26.9.2025

என் அபிநயாவுக்கு,

பஸ் திருச்சியைத் தாண்டியதும் பிரிக்கச் சொன்னேன். நீ வல்லத்திலேயே பிரித்திருப்பாய்.

படகுப் பயிற்சி முகாமில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். அதனால் நூலகப் புத்தகத்தில் படித்ததை எழுதித் தருகிறேன். கனோவில் முட்டி போட்டுத்தான் துடுப்புப் போட வேண்டும். உட்கார்ந்து போட்டால் அது கயாக். பாறைகளில் மோதி நுரைத்தோடும் தண்ணீருக்கு மேலே கம்பங்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். பச்சைக் கம்பங்களுக்கு நடுவே ஓட்டத்தோடு போ; சிவப்புக்கு எதிரேறி வா. களைத்தால் பெரிய பாறைக்குப் பின்னால் ஒதுங்கு. அங்கே தண்ணீர் மெதுவாகத் திரும்பி ஓடும்.

உங்கப்பா சம்மதித்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. வலையை உதறிக்கொண்டே ஒன்றே ஒன்றுதான் கேட்டார், எவ்வளவு ஆழம் என்று. “இடுப்பளவுதான் அங்கிள். விழுந்தாலும் எழுந்து நின்னுடலாம்” என்றேன். “இடுப்பளவு தண்ணிக்கு ஹெல்மெட் வேறயா?” என்று சிரித்துக் கையெழுத்துப் போட்டார். நீயும் நான் சொன்னதையே நினைத்துக்கொள். டிசம்பர் போட்டிக்கான அணியில் உன் பெயர் வரும்.

உன் ஸ்ம்ருதி

முகாம்
1.10.2025

புத்தகப்புழு ஸ்ம்ருதிக்கு,

வல்லத்தில் இல்லை, தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டிலேயே பிரித்துவிட்டேன்.

முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. கடலில் அலை நம்மை நோக்கி வரும். இங்கே அலை ஒரே இடத்தில் நிற்கிறது, தண்ணீர்தான் அதைத் தாண்டி ஓடுகிறது. அப்பாவிடம் சொன்னால் நம்ப மாட்டார்.

ஆற்றிரைச்சலில் கத்தினால் கேட்காது. அதனால் கோச் ஜெக்கரியா சார் கைஜாடை சொல்லிக்கொடுத்தார். உள்ளங்கையைத் தலையில் வைத்தால் ‘நன்றாக இருக்கிறேன்’. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால் ‘வராதே, நான் கூப்பிடும்வரை அங்கேயே காத்திரு’.

இன்று சிவப்புக் கம்பங்களைத் தொடாமலே ஏறிவிட்டேன். “நாகப்பட்டினமா நீ? உப்புத் தண்ணி வேலை செய்யுது” என்றார் சார். நாளை அணித் தேர்வு. வேண்டிக்கொள்.

முட்டியில்லாத அபி

தஞ்சாவூர்
9.10.2025

அபிநயா,

உன் கடிதமும் உன் கால் முறிந்த செய்தியும் ஒரே நாளில் வந்தன. கடிதத்தை முதலில் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் கூசுகிறது. போன் செய்தேன், நீ எடுக்கவில்லை.

படகு கவிழ்ந்ததும் நீ எழுந்து நின்றாய், பாதம் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது என்று பி.டி. டீச்சர் சொன்னார். ‘எழுந்து நின்றாய்’ என்றதும் நூலகத்துக்கு ஓடினேன்.

அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். பாதுகாப்பு கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது. எனக்கு உன் வாத்தியார் ஆகும் அவசரம். அதை நான் படிக்கவே இல்லை. விழுந்தால் கால்களை முன்னால் நீட்டி மல்லாந்து மிதக்க வேண்டுமாம். முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரில் நிற்கவே கூடாதாம். எழுந்து நிற்கலாம் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. அது இங்கே எங்கள் புது ஆற்றுக் கால்வாய்ப் படித்துறையில் நான் குளித்துப் பழகியது. அதைப் படித்தவள் மாதிரி உங்கப்பாவிடம் சொன்னேன்.

நானே வந்து அவரிடம் சொல்லட்டுமா? நீ வா என்றால் வருகிறேன்.

உன் ஸ்ம்ருதி
(‘உன்’ என்று எழுதலாமா?)

நாகப்பட்டினம்
24.10.2025

ஸ்ம்ருதி,

தீபாவளிக்கு நீ அனுப்பிய முறுக்கு வந்தது. அம்மா டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறார்.

மல்லாந்து மிதக்க சார் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். நானும் செய்து காட்டினேன். ஆனால் தேர்வன்று கவிழ்ந்தபோது அவர் குரல் வரவில்லை, உன் குரல்தான் வந்தது. நின்றேன். தண்ணீர் என் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அணியில் இப்போது வேறொரு பெண் போகிறாள். உன் குரல் வந்ததை உன்னிடம் மறைக்க என்னால் முடியவில்லை.

அப்பா உன்னைத் திட்டவில்லை. “கடல்லயே கெடக்குறவன் நான். நீவாடு எப்படின்னு கேக்காம, ஆழம் எவ்வளவுன்னு கேட்டிருக்கேன் பாரு” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நீரோட்டத்தை நாங்கள் நீவாடு என்போம். அதைக் கேட்ட பிறகு யார்மேலும் முழுசாகக் கோபப்பட முடியவில்லை. கோபம் போகவும் இல்லை.

கயிறு போட்டு என்னைக் கரைக்கு இழுத்தபோது, எதிர்க்கரையில் நின்ற சாருக்குத் தலையில் கை வைத்துக் காட்டினேன். அந்த ஜாடையில் மட்டும் பொய் சொல்லக்கூடாது என்று பிறகு கண்டித்தார். அதனால் உனக்கு அதைக் காட்ட மாட்டேன்.

இப்போது வராதே. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள். அதன் அர்த்தம் என் முகாம் கடிதத்தில் இருக்கிறது. இந்த முறை கடைசி வரை படி.

அபிநயா