தட்டுகளை உடைத்த பையன்

ராயப்பேட்டை
17.1.2025

அன்பு மகள் புஷ்ராவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அம்மாவும் சுகம். பெரியம்மா வீட்டில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் சுகமாக இருப்போம்.

போனை மேஜை மேல் வைத்துவிட்டு அடையாறுக்குப் போய்விட்டாய். பெரியம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டால், குளிக்கிறாய் என்கிறாள். ஒரு பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிக்கும்? அதனால்தான் கடிதம். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது உன் அம்மாவுக்கு, நிக்காஹுக்கு முன்னால். அதற்குப் பதில் வரவில்லை. ஆனால் அவள் வந்தாள்.

ரிவிஷன் தேர்வில் எல்லாப் பாடத்துக்கும் பெயரை மட்டும் எழுதிவிட்டு வெள்ளைத் தாளைக் கொடுத்திருக்கிறாய். பள்ளியில் என்னைக் கூப்பிட்டு அந்தத் தாள்களை வரிசையாக அடுக்கிக் காட்டினார்கள். நீ ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றாய். வீட்டுக்கு வந்து ஏன் என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். "சொன்னா உங்களுக்குப் புரியாது அத்தா. முடிஞ்சா அந்த நாவலைப் படிங்க" என்றாய். அவ்வளவுதான், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

சரி, படிக்கிறேன். நீ எப்போதும் கையில் வைத்திருக்கும் அந்த ஆங்கிலப் புத்தகம் எனக்கு ஓடாது. மயிலாப்பூரில் பழைய புத்தகக் கடையில் தமிழில் கிடைத்தது. நம் கடைக் கல்லாவில் உட்கார்ந்து படிக்கிறேன். சீட் கவர் தைக்கும் வெள்ளைத்துரை எட்டிப் பார்த்து, "இன்னா பாய், பரீட்சைக்குப் படிச்சிக்கினு கீறியா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

நாலு அத்தியாயம் ஆயிற்று. ஏதோ ஒரு குளிர் ஊரில் மாமா நடத்தும் விடுதிக்கு லீவுக்கு அனுப்பப்பட்ட பதினாறு வயதுப் பையன். அவனே கதை சொல்கிறான். மாமா சாப்பாடு போடுகிறார், இவன் அவர் மெல்லுகிற விதத்தைக் கேலி செய்கிறான். அத்தை அன்பாகப் பேசினால் நடிப்பு என்கிறான். விடுதிக்கு வருகிறவர்களிலும் ஒருவர் பாக்கியில்லை. எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லலாம் போலிருக்கிறது.

ஹம்சா பள்ளியை விட்டுப் போன வருத்தம்தான் உனக்கு என்கிறாள் அம்மா. அந்தப் பிள்ளை தனித்தேர்வராக எழுதப்போகிறது, அவ்வளவுதானே? மார்ச்சில் பொதுத்தேர்வு. வீட்டுக்கு வா.

உன் அத்தா
ஷரஃபுதீன்


அடையாறு
21.1.2025

அத்தாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

சாப்பிடுகிறேன். குளிப்பது ஒரு தடவைதான். மற்றதெல்லாம் நான் பெரியம்மாவைச் சொல்லச் சொன்னது.

நீங்கள் அந்தப் புத்தகத்தை அவனுடைய மாமா படிப்பதுபோலப் படிக்கிறீர்கள். எங்கள் மிஸ்ஸும் அப்படித்தான். "கதைசொல்லியின் குணக்குறைகளை விளக்குக" என்று கேள்வி கொடுத்தார். அந்த விடுதியில் எல்லோரும் சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிக்கிறார்கள். அவனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பெயர் குணக்குறை என்றால் எனக்கும் அது இருக்கிறது.

"அவ்வளவுதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். ஹம்சா ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். காலாண்டில் கணக்கிலும் பிசிக்ஸிலும் ஃபெயில். பள்ளியின் நூறு சதவீதத் தேர்ச்சி கெட்டுவிடும் என்று அவளை டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். மறுநாள் அவள் இடத்தில் என் பையை வைத்துக்கொள்ளச் சொன்னார் மிஸ், எனக்கு வசதியாக இருக்குமாம். வகுப்பில் யாரும் எதுவும் கேட்கவில்லை. போர்டில் இருந்ததை எழுதிக்கொண்டோம்.

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை அத்தா. காலையில் கிளம்பி நடக்கிறேன். பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போகிறேன், போனதும் அங்கிருந்து கிளம்ப வேண்டும்போல இருக்கிறது. பாலத்தைத் தாண்டி மந்தைவெளி, லஸ், சில நாள் நொச்சிக்குப்பம். அங்கே மீன் விற்கிற அக்கா ஒருத்தி, "இன்னா பாப்பா, தெனம் வர்ற, ஒரு மீனும் வாங்க மாட்ற" என்றாள். பெரியம்மாவிடம் சொல்லாதீர்கள். லைப்ரரிக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

முழுசாகப் படித்துவிட்டு எழுதுங்கள்.

புஷ்ரா


ராயப்பேட்டை
29.1.2025

அன்பு மகளுக்கு,

பெரியம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் வெயிலில் குடை எடுத்துக்கொண்டு போ. லைப்ரரிக்குக் குடையோடு போகிறவர்களும் உண்டு.

இந்த வாரம் ஒரு பெரிய வண்டிக்கு சீட் தைக்க வேண்டியிருந்தது, இருந்தும் புத்தகத்தை விட முடியவில்லை. அந்த மாமா மாதிரி படிக்கிறேன் என்று நீ சொன்னதில் எனக்குக் கோபம்தான். அதனால் வேறு மாதிரி படித்துப் பார்த்தேன். அவன் யாரைக் கேலி செய்கிறான் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, யாரை விட்டுவைக்கிறான் என்று பார்த்தேன். ஒரே ஒரு ஆள். சமையலறையில் பாத்திரம் கழுவுகிற அந்த அம்மா. அவளைப் பற்றி மட்டும் ஒரு கெட்ட வார்த்தை இல்லை. அவள் கை தண்ணீரில் வெளுத்துப்போனதைச் சொல்லும்போது அவன் பேச்சே வேறாகிவிடுகிறது.

பிறகு வெள்ளிக் கரண்டி காணாமல் போகிறது, பழி அவள் மேல் விழுகிறது, அனுப்பிவிடுகிறார்கள். அவள் எடுக்கவில்லை என்று இவனுக்குத் தெரியும். அப்போது வாயைத் திறக்கவில்லை. மறுநாள் எல்லோரும் காலைச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அலமாரியில் இருந்த தட்டையெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே போட்டு உடைக்கிறான். அதைப் படித்துவிட்டு நான் ஒரு வாடிக்கையாளருக்கு வேறொருவர் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. தட்டு என்ன செய்தது? முந்தின நாளே சொல்லியிருக்கலாமே. உன் வெள்ளைத் தாளும் அந்தத் தட்டும் ஒன்றா?

அம்மா தினமும் உனக்கும் சேர்த்து அரிசி போட்டுவிட்டு, பிறகு என்னைத் திட்டுகிறாள்.

அத்தா


அடையாறு
3.2.2025

அத்தாவுக்கு,

ஆமாம். ஒன்றுதான்.

முந்தின நாள் சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? மாமா தலையில் தட்டிக்கொடுத்துப் போய்ப் படுக்கச் சொல்லியிருப்பார். தட்டு உடைந்தபோதுதான் முதல்முறையாக எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். உங்களுக்கு நூறு சதவீதம்தானே வேண்டும், இந்தாருங்கள் என்று நானும் பள்ளியில் வெள்ளைத் தாளைக் கொடுத்தேன்.

இதை எழுத வேண்டாம் என்று இருந்தேன். டிசம்பரில் பெற்றோர் கூட்டத்தில் தாளாளர் பேசினார். "படிப்பில் பின்தங்கிய சிலருக்கு அவர்கள் நன்மைக்காகவே மாற்று ஏற்பாடு செய்திருக்கிறோம்" என்றார். அன்று தண்ணீர் கொடுக்கும் வேலை எனக்கு. வாசல் பக்கம் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். நீங்களும் தட்டினீர்கள். ஹம்சா நம் வீட்டில் நோன்புக் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தவள் அத்தா. உங்களுக்கு அவளைத் தெரியும்.

அதன் பிறகு நீங்கள் பேசுகிற எதையும் என்னால் முழுசாகக் கேட்க முடியவில்லை. உங்கள் உதடு அசைவது மட்டும் தெரிகிறது.

புஷ்ரா


ராயப்பேட்டை
9.2.2025

அன்பு மகளுக்கு,

கைதட்டியதைப் பற்றி எழுதலாமென்று உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இப்போதைக்கு வரவில்லை. நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

மயிலாப்பூர் போனேன், ஹம்சா வீட்டுக்கு. உன்னைக் கேட்காமல் போனது தப்பாக இருக்கலாம். அவள் அப்பா அனந்தராமன் கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லி, காபி வேண்டுமா என்று கேட்டார். தரையைப் பார்த்துக்கொண்டே, "கூட்டத்துல நீங்களாவது எழுந்து ஒரு வார்த்தை கேப்பேள்னு நெனச்சேன் பாய்" என்றார். அவரும் அன்று பின்வரிசையில் இருந்தாராம். எனக்குத் தெரியாது.

ஹம்சா உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தி.நகரில் ஒரு டுடோரியலில் சேர்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். இளைத்திருக்கிறாள். நீ அவளுக்காக வெறுந்தாள் கொடுத்த விஷயத்தை நான் சொல்லத் தொடங்கினேன். அவளுக்கு அது முன்னமே தெரிந்திருந்தது. அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன், மாற்றினால் தப்பாகிவிடும்.

"எனக்காகவா மாமா? நான் கேட்டேனா? ஸ்கூல்ல எல்லாரும் என்னாலதான் அவ படிப்பு போறதுன்னு பேசிண்டிருக்கா. ஃபெயிலானதும் பத்தாதுன்னு இது வேற. அவ ஒரு நாள் எங்காத்துக்கு வந்தாளா? தெருமுனை வரைக்கும் வருவா. பால்கனியிலேர்ந்து பார்ப்பேன். திரும்பிப் போயிடுவா."

அனந்தராமன் அவளை உள்ளே போகச் சொன்னார். அவள் போகவில்லை. நான் கிளம்பும்வரை நின்றாள்.

அவ்வளவுதான் நடந்தது. உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

அத்தா


அடையாறு
12.2.2025

அத்தா,

யார் உங்களைப் போகச் சொன்னது? கூட்டத்தில் எழுந்திருக்காதவர் இப்போது எதற்கு அவர்கள் வீட்டுப் படி ஏறுகிறீர்கள்? எனக்கென்று இருந்த ஒன்றையும் நீங்கள் போய்த் தொட்டுவிட்டு வந்துவிட்டீர்கள்.

புத்தகத்தை மூடி வையுங்கள். இனி எழுத வேண்டாம்.

புஷ்ரா


ராயப்பேட்டை
17.2.2025

அன்பு மகளுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஒரு தகவலுக்காக மட்டும் எழுதுகிறேன். உன் ஹால் டிக்கெட் வந்துவிட்டது. அம்மா பள்ளிக்குப் போய் வாங்கி வந்து அலமாரியில் வைத்திருக்கிறாள். அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன். சொல்லாவிட்டால் அங்கேயே இருக்கும். அதைப் பற்றி உன்னை யாரும் கேட்கமாட்டோம். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தா


அடையாறு
23.2.2025

அன்புள்ள அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போன தடவை கோபத்தில் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் நடந்ததை உங்களிடம்தான் சொல்ல வேண்டும்போல இருக்கிறது. வேறு யார் அந்தப் புத்தகத்தை எனக்காகப் படித்திருக்கிறார்கள்?

வியாழக்கிழமை ஹம்சா வீட்டுக்குப் போனேன். தெருமுனையில் நின்றேன், வழக்கம்போலத் திரும்பினேன். கச்சேரி ரோடு வரை வந்துவிட்டேன். அவள் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு வந்ததும் கால் நின்றுவிட்டது. திரும்பிப் போய் மணியை அடித்தேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டே, "இப்ப எதுக்கு வந்தே?" என்றாள். தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை.

"வெள்ளைப் பேப்பர் குடுத்தது பெரிய விஷயம்னு எல்லாரும் சொல்றா. எனக்கு அதுல என்ன கிடைச்சுது சொல்லு. நீ ஒரு நாள் வந்து, எப்படிடி இருக்கேன்னு கேட்டிருந்தா போறும்."

நான் நின்றுகொண்டே, எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். எவ்வளவு அபத்தம் பாருங்கள், இத்தனை நாள் கழித்து. அவள் பேனாவை வைத்தாள். பிறகு நிறுத்தாமல் பேசினாள். டுடோரியல் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருக்கிறதாம். கீழே பாத்திரம் உருளுகிற சத்தத்தில் சார் சொல்வது பாதி கேட்காதாம். பக்கத்து பெஞ்சில் கல்யாணமான ஒரு அக்கா மூன்றாவது தடவையாகக் கணக்கு எழுதுகிறாராம். ராத்திரியில் தூக்கம் வருவதில்லையாம். பரீட்சை பயம் இல்லை, எழுதிப் பாஸாகிவிட்டால் அதற்குப் பிறகும் தன்னை வேண்டாதவளாகப் பார்ப்பார்களோ என்று பயமாம். இதெல்லாம் எனக்குத் தெரியாது அத்தா. அவளைப் பற்றித்தான் எப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன், இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

கிளம்பும்போது சொன்னாள், பழைய மாதிரி இருக்க முடியுமா என்று தனக்குத் தெரியவில்லை, ஆனால் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு நான் பரீட்சை எழுதாமல் இருக்கக்கூடாது என்று. நான் சரி என்றேன். மறுபடி வரலாமா என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வந்ததும் புத்தகத்தை முதலிலிருந்து படித்தேன். பாத்திரம் கழுவுகிற அந்த அம்மாவை அனுப்பிய பிறகு எத்தனை பக்கம் இருக்கிறது. கோபப்படுகிறான், தட்டை உடைக்கிறான், ரயிலேறிப் போகிறான், தனியாக அழுகிறான். அவள் எந்த ஊருக்குப் போனாள் என்று யாரிடமும் கேட்கவில்லை. அவள் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. யாரிடமும் அவன் எதையுமே கேட்கவில்லை அத்தா. மனிதர்களைப் பார்த்த உடனே முடிவு செய்துவிடுகிறான். நான் அதை நேர்மை என்று நினைத்திருந்தேன். இப்போதும் எனக்கு அவனைப் பிடிக்கும். ஆனால் அவன் சொல்வதை எல்லாம் நம்ப முடியவில்லை.

ஹால் டிக்கெட்டை அனுப்புங்கள். பரீட்சை முடியும்வரை இங்கேயே இருக்கிறேன். அம்மாவை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். நீங்கள் வர வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள்.

அதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அன்று கூட்டத்தில் கைதட்டும்போது உங்கள் மனத்தில் என்ன இருந்தது? அதற்கு ஒரு பதிலை நானே முடிவு செய்து வைத்துக்கொண்டுதான் வீட்டை விட்டு வந்தேன். உங்களிடம் கேட்கவே இல்லை. திட்டுவதற்காகக் கேட்கவில்லை அத்தா. தெரியாமல்தான் கேட்கிறேன். எவ்வளவு நாள் ஆனாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

உங்கள் மகள்
புஷ்ரா