எதிர்ச்சரிவுக்குக் கேட்கிற குரல்

அன்புள்ள ஆத்தாவுக்குத் தோத்திரம். ஆண்டவர் கிருபையில் சுகமாக இருக்கிறேன். முழங்கால் வலியோடு இன்னும் காட்டு வேலைக்குப் போடிமெட்டு ஜீப்பில் நின்றுகொண்டா போகிறாய்?

பயப்படாதே, நீ சிரிக்கத்தான் இதை எழுதுகிறேன். சங்கீதம் பாடும்போது பாதி வசனத்தில் சற்று நிறுத்துவது இந்த இங்கிலாந்துப் பேராலயத்தின் வழக்கம். ஞாயிறன்று பாடகர் குழுவை நடத்தும்போது அப்படி நிறுத்தினேன். பாட்டு கூரைவரை போய்த் திரும்பி வந்தது. தூக்கிய கையை நான் இறக்கவே இல்லை. என் பாடகர் குழுவில் முப்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிஷப்பையா இருமிய பிறகுதான் நினைவு வந்தது. சின்ன வயதில் ஏலக்காட்டில் நான் கூவுவேன். எதிர்ச்சரிவில் காய் எடுக்கும் நீ, "இந்தா வர்றேன்டா எபி, அங்கனயே நில்லு" என்று சொல்லும்வரை நிற்பேனே, அப்படி உன் பதிலுக்காக நின்றிருக்கிறேன்.

அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஆலயத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன்.

சுக்குப்பொடி தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்பு. அப்படியே காட்டில் நின்று என்னை ஒருமுறை கூப்பிட்டு, போனில் பதிந்து அனுப்பு. மெதுவாக வேண்டாம், எதிர்ச்சரிவுக்குக் கேட்கவேண்டும்.

பயிற்சிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள், ஓடுகிறேன்.

உன் மகன்,
எபினேசர்

பி.கு.: கூப்பிட்டதும் போனை அணைத்துவிடாதே. இங்கே அதைப் போட்டுக் கேட்கையில் நான் பதில் சொல்லி முடிக்கும்வரை ஓடட்டும்.