நீள விசில்

ஜனவரி 5, திங்கள்

காலையில் வெயில். பத்து மணிக்கெல்லாம் மூடுபனி. மூன்றாம் பிளாக்கில் காப்பிப் பழம் எடுப்பு. பழம் நன்றாகச் சிவந்திருக்கிறது. குரங்குகளுக்கும் அது தெரிந்துவிட்டது.

பாண்டிச்சேரி போவதென்று முடிவு. ஒரே நாள். சனிக்கிழமை சேலத்தில் ராத்திரி பஸ், ஞாயிறு பகல் அங்கே, ஞாயிறு சாயங்காலமே திரும்பல். எஸ்டேட் மேனேஜரிடம் லீவு கேட்டேன். ஆள் கணக்கு எழுதுகிற நான் இல்லாமல் எடுப்பு நடக்காது. "எடுப்பு நேரத்துல டூரா ரைட்டரே?" என்றார். ஆமாம் சார், டூர்தான் என்றேன். அப்புறம் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். போய்ட்டு வாங்க என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் லில்லியிடம் இன்னும் சொல்லவில்லை.

அருள் போய் இந்த வாரத்தோடு ஒரு வருடம். கூட்டாளிகளோடு பாண்டியைச் சுற்றிப் பார்க்கப் போனான். கடலில் குளிக்க இறங்கினார்கள். மற்றவர்கள் கரையேறினார்கள், என் மகன் ஏறவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. இதை இந்த நோட்டில் எழுத எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது. எழுதிப் பார்த்தால் நாலு வரிதான்.

வாங்க: பிரஷர் மாத்திரை. டார்ச்சுக்கு செல். லி.க்குச் செருப்பு, வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கிறாள்.

ஜனவரி 6, செவ்வாய்

கடுங்குளிர். குழாய்த் தண்ணீர் விரலைக் கடிக்கிறது. சாயங்காலம் இருவரும் அந்தோணியார் பூசைக்குப் போனோம். முடிந்ததும் ஃபாதர் வாசலில் நிறுத்தினார்.

"வருஷம் திரும்புதே ரைட்டரே. வருஷப் பூசை எந்தத் தேதியில வெச்சுக்கலாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் லில்லி, "உசுரோட இருக்கறவனுக்கு எதுக்குங்க சாமி வருஷப் பூசை?" என்றாள்.

ஃபாதர் நல்ல மனிதர். சரிம்மா என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கல்லறைத் திருநாளிலும் இப்படித்தான். ஊரே கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தது. லில்லி வரவில்லை. நான் ஒரு கட்டு மெழுகுவத்தியோடு கேட்டருகில் நின்றேன். அவனுக்கென்று ஏற்ற ஓரிடம் இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் என் அப்பா கல்லறை மேலேயே ஏற்றிவிட்டு வந்தேன்.

உடம்பைப் பார்க்காததால் அவளுக்கு அவன் சாகவில்லை. வழி தெரியாமல் எங்கேயோ நிற்கிறான். அவ்வளவுதான். நானும் மறுத்துப் பேசியதில்லை. பேசினால் அவள் உடைந்துவிடுவாள் என்று பயம். எனக்கும் கொஞ்சம் அப்படி நினைத்துக்கொள்ளத் தேவைப்பட்டதோ என்னவோ.

திரும்பி நடக்கும்போது சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம பாண்டி போயிட்டு வரலாமா லில்லி?"

"எதுக்குங்க?"

"சும்மாதான். சுத்திப் பாக்க."

 மீன்காரர் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டியது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஒரு வருடமாக வீட்டில் மீன் கிடையாது.

ஜனவரி 7, புதன்

வெயிலும் பனியும் மாறி மாறி. சளி.

குப்பனூரிலிருந்து தினேஷ் பைக்கில் வந்தான். அருளோடு அன்றைக்குப் போன பையன்களில் ஒருவன். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். பாண்டியில் எங்கெங்கே போனீர்கள், அதே வரிசையில் சொல் என்றேன். அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது:

கடற்கரைச் சாலை, விடிந்ததும். சிலை. பழைய கலங்கரை விளக்கம். மஞ்சள் சுவர்த் தெருக்கள், போட்டோ எடுக்க. பெரிய சர்ச், கலர்க் கண்ணாடி ஜன்னல். சாப்பாடு.

அப்புறம் ஊருக்கு வெளியே மணல் கரை. அதற்கு மட்டும் பெயர் சொல்லவில்லை. 'அங்க' என்றான்.

"ஆட்டோவுல போயிருலாமுங்கப்பா. நொம்ப தூரமில்லீங்க."

"நீயும் வாயேன்."

"இல்லீங்கப்பா. எனக்கு தைரியமில்லீங்க."

லில்லி டீ கொண்டுவந்து வைத்தாள். அவன் தலை நிமிரவில்லை. "குடி கண்ணு, ஆறிப்போயிரும்" என்றாள். டம்ளரைக் கையில் வைத்தபடியே அழ ஆரம்பித்தான். "அழுவாத சாமி. அவன் வந்துருவான்" என்று லில்லி அவன் முதுகைத் தடவ, பையன் இன்னும் அழுதான். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. கோழியைக் கூண்டில் அடைக்கிற சாக்கில் வெளியே போய்விட்டேன். கோழிகள் ஏற்கெனவே கூண்டில்தான் இருந்தன.

யோசித்துப் பார்த்தால் சிரிப்பு. நாற்பது வருடமாக ஏற்காட்டுக்கு ஒரு நாள் டூர் வருகிறவர்களைக் கிண்டல் செய்தவன் நான். ஏரியில் ஒரு படகு, பக்கோடா பாயிண்டில் ஒரு போட்டோ, மிளகாய் பஜ்ஜி, கிளம்பு. "பாக்க வேற என்ன சார் இருக்கு?" என்று காரை நிறுத்திக் கேட்பார்கள். ஒன்றுமில்லை, பனியைப் பாருங்கள் என்பேன். இப்போது நானே பேப்பரில் இடங்களை எழுதி மடித்து வைத்திருக்கிறேன்.

லில்லி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஜனவரி 8, வியாழன்

மூடுபனி என்றால் இன்றுதான். நீட்டிய கை தெரியவில்லை. மதியமே எடுப்பை நிறுத்தினேன்.

பனி இறங்கினால் இந்த எஸ்டேட்டில் ஒரு முறை உண்டு. ரைட்டர் பாதையில் நின்று குறு விசிலாக விட்டு விட்டு ஊத வேண்டும். சத்தம் வருகிற பக்கமாகச் செடிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வருவார்கள். வந்தவர் 'வந்தாச்சுங்க' என்று குரல் கொடுக்க வேண்டும். கடைசி ஆளும் வந்த பிறகுதான் நீள விசில். நீள விசில் என்றால் எல்லோரும் வந்தாயிற்று, இனி வீட்டுக்குப் போகலாம். ஒரு ஆள் பாக்கி என்றாலும் அதை ஊதக் கூடாது. ஊதிவிட்டால் அப்புறம் யாரும் தேட மாட்டார்கள்.

இன்று பழனியம்மா பாக்கி. தலைச்சோலைப் பக்கத்துச் சரிவில் இறங்கிவிட்டாள். ஊதினேன், ஊதினேன், கன்னம் வலித்தது. கடைசியில் முதலில் கூடை தெரிந்தது, அப்புறம் ஆள்.

"வந்தாச்சுங்க ரைட்டரே! விடமாட்டீங்களாட்டமிருக்குதே!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கையை ஆட்டி அனுப்பிவிட்டேன். ஒரு வருடமாக இப்படித்தான், கை ஆட்டல். நீள விசில் மட்டும் வாயில் வரமாட்டேன் என்கிறது. யாரும் கேட்டதில்லை. இன்று பழனியம்மா பனிக்குள் யாரிடமோ சொல்லிக்கொண்டு போனது காதில் விழுந்தது: "பாவம், மனுசனுக்கு இன்னும் ஒரு ஆளு பாக்கி."

வீட்டுக்கு வந்தால் லில்லி அடுப்படியில். எங்கள் வீடு மூன்றாம் பிளாக்குக்கு மேலேதான். அத்தனையும் கேட்டிருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளும் இந்த விசிலுக்கு வந்து நின்றவள்தானே.

"பாண்டிக்கு வர்றனுங்க" என்றாள்.

சந்தோஷப்படுவதற்குள், "விசில எடுத்துக்குங்க."

"எதுக்கு?"

"போலீஸ்காரங்க தேடுனாங்க, படகுக்காரங்க தேடுனாங்கன்னு சொன்னீங்க. யாராச்சும் கூப்புட்டாங்களாங்க?"

விசிலை எடுத்து ஆணியில் மாட்டினேன்.

"உங்க விசிலுக்கு வராத ஆளு உண்டுங்களா? சின்னதுல அவன் எங்க ஒளிஞ்சிருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு ஓடியாந்துருவானே."

"கடலென்ன காப்பிக் காடா?" கத்திவிட்டேன்.

அவள் கத்தவில்லை. "நான் பாத்ததில்லீங்களே. எனக்கெப்படித் தெரியும்?" என்றாள்.

நான் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை. சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

ஜனவரி 10, சனி

காலை பனி. அரை நாள் வேலை. மத்தியானம் பை கட்டினோம்.

வைத்தது: புளிச்சோறு, தண்ணீர் பாட்டில் இரண்டு, துண்டு, மாத்திரை, டார்ச், வேளாங்கண்ணி எண்ணெய், ஜெபமாலை, ஸ்வெட்டர்.

கடற்கரை ஊருக்கு ஸ்வெட்டர் எதற்கென்று யாரும் சிரிக்கலாம். மலை ஏறும்போது நமக்கு வேண்டும். என்னுடையது, அவளுடையது. எண்ணெய்ப் பாட்டில் சிந்தாமல் இருக்கிறதா என்று கையை விட்டால் அடியில் மூன்றாவது ஒன்று. அருளுடையது. நீலம், முழங்கையில் அவள் ஒட்டுப் போட்டது.

அவன் திரும்பி வருகையில் குளிருமாம். கேட்காமலே புரிந்தது. எடுத்து வெளியே வைக்க நினைத்தேன். மடிப்பைச் சரி செய்து திரும்ப உள்ளேயே வைத்தேன்.

விசில் சட்டைப் பையில். ஊதப் போவதில்லை. ஊருக்கு நடுவே பைத்தியக்காரன் மாதிரி நிற்க முடியாது. அங்கே போய்ச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கீழே போகிற பஸ். கதவைப் பூட்டியதும் சாவியை ஜன்னல் மேல் வைத்தாள். எப்போதும் அவனுக்காக வைக்கிற இடம்.

ஜனவரி 11, ஞாயிறு

பாண்டி பஸ் ஸ்டாண்டு. சேலம் வண்டிக்குக் காத்திருக்கிறோம். வெயில், உப்பு, சட்டை ஒட்டுகிறது. லில்லி பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறாள். இப்போதே எழுதிவிட வேண்டும். மேலே போனால் எழுத வராது.

விடிந்ததும் கடற்கரைச் சாலை. அவள் கடலைப் பார்த்தாள். நான் அவளைத்தான் பார்த்தேன்.  அப்புறம், "இதுக்கு அந்தப் பக்கம் எதுவுமே தெரியலீங்களே" என்றாள். நம் மலையில் எந்த முனையில் நின்றாலும் கீழே ஓர் ஊர் தெரியும்.

சிலை, கலங்கரை விளக்கம், மஞ்சள் தெருக்கள். ஒவ்வோர் இடத்திலும் "இங்க வந்தானுங்களா?" வந்தான் என்பேன். அந்தச் சுவரைத் தொட்டுப் பார்ப்பாள். சுற்றிலும் பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண், "ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா?" என்றாள். தள்ளி நின்றாள். சர்ச்சில் ஒரு பூசை பாதி கிடைத்தது. கலர்க் கண்ணாடி வெளிச்சம் அவள் புடவையில் விழுந்திருந்தது, அவள் கவனிக்கவில்லை. புளிச்சோறு பார்க் பெஞ்சில்.

மதியம் ஆட்டோவில் அந்த மணல் கரை.

கூட்டம். தண்ணீருக்குள் நிறைய பேர், பையன்கள்தான் அதிகம். ஒருத்தன் தோளில் ஒருத்தன் ஏறிக் குதிக்கிறான். அலை விழும்போதெல்லாம் கூச்சல்.  லில்லி செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மணல் வரை போனாள். பையிலிருந்து நீல ஸ்வெட்டரை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஊதுங்க."

"லில்லி, ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டுமுங்க. ஒரு தடவ. எனக்காக."

ஊதினேன். பாதையில் நின்று ஊதுகிற மாதிரியே, குறு விசில், விட்டு விட்டு. ஏதோ ஒரு கட்டத்தில் கூச்சம் போய்விட்டது. அவனைத்தான் கூப்பிட்டேன். வாடா அருள், வாடா என்றுதான் ஒவ்வொன்றையும் ஊதினேன்.

நடந்ததை இப்போதும் நம்ப முடியவில்லை. தண்ணீருக்குள் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் கரையேற ஆரம்பித்தார்கள். காவலர் விசில் ஊதினால் உடனே கரையேறவும் என்று அங்கே பலகை வைத்திருக்கிறார்கள், நான் பிறகுதான் படித்தேன். வழக்கம் போலக் காக்கி பேண்டில் இருந்தேன், என்னைக் காவலர் என்றே நினைத்துவிட்டார்கள். ஒவ்வொருவராக, தலையைத் துவட்டிக்கொண்டு, முனகிக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட எங்களைத் தாண்டிப் போனார்கள்.

லில்லி ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். ஒருத்தரையும் விடவில்லை. உயரமாக, ஒல்லியாக ஒரு பையன் வந்தபோது ஓர் அடி முன்னால் போனாள். அவன் "என்ன ஆன்ட்டி?" என்றான். ஒன்றுமில்லை கண்ணு, போ என்றாள்.

நிஜக் காவலர் ஒருவர் ஓடி வந்தார். "யாருய்யா நீ? எதுக்கு ஊதுன?" என்றார்.  லில்லி கையிலிருந்த ஸ்வெட்டரைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, மேலே கேட்காமல் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

கடலில் ஒருவரும் இல்லை. அலை வந்தது, போனது. நான் அழுதேன், மறைக்கவில்லை.

"தண்ணியில யாருமில்லீங்க" என்றாள்.

"இல்ல லில்லி."

 பிறகு ஸ்வெட்டரை மணல் படாமல் உதறி, கையை உள்ளே மடக்கி, நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"நீள விசில ஊதிருங்க."

முடியாது என்று தலையை ஆட்டினேன்.

"ஊதுங்க. எத்தன நாளைக்குத்தான் அவன் நின்னுட்டே இருப்பான்."

உதட்டில் உப்பு. ஊதினேன். மூச்சு பாதியில் அறுந்து போயிற்று.

"முழுசா ஊதுங்க" என்றாள்.

முழுசாக ஊதினேன்.