கறுப்புக் கம்பி

1974 ஜனவரி 12, சனி

வெளியே பூச்சியம் டிகிரி பாரன்ஹைட். மூக்குக்குள் மயிர் உறைகிறது.

ஸ்காபரோ. டொக்டர் கதிரேசு வீட்டுக் கராஜ். பனியில் சறுக்கி ஓடும் பழைய ஸ்னோமொபைல் ஒன்று வாங்கியிருக்கிறார், ஸ்டார்ட் ஆகவில்லை. என்னைக் கூப்பிட ஒரே காரணம், பேராதனையில் பௌதிகம் படித்தவன். எஞ்சின் ஒன்றைத் திறந்ததே இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 21ஆம் திகதி, திங்கள், வேலை ஒன்றுக்காகத் தன் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத் தலைவரிடம் என்னைக் கூட்டிப்போகிறார். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் எனக்கு இது பதினான்காவது மாதம்.

பார்த்த ஒழுங்கு:
பெற்றோல், இருக்கிறது.
பிளக். கழற்றித் துடைத்து, எஞ்சின் உடலில் தொட்டுப் பிடித்தபடி கயிற்றை இழுத்தேன். பொறி இல்லை.
புதுப் பிளக். அதிலும் இல்லை.
நாற்பது இழுவை. தோள் போச்சு.

கையேட்டுப் படத்தில் ஒரு கறுப்புக் கம்பி. சாவியை அணைத்தால் மின்சாரம் அதன் வழியே வண்டியின் உடலுக்கு ஓடிவிடும். பொறி சாகும், எஞ்சின் நிற்கும். அப்படியானால், சாவியைத் தொடாமலே அது எங்கோ உடலில் முட்டிக்கொண்டிருந்தால்? கழற்றிவிட்டு இழுத்தேன். நீலப் பொறி. தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன்.

கைப்பிடிக்குக் கீழே கம்பியின் தோல் உரிந்திருந்தது. இன்சுலேசன் ரேப் சுற்றினேன். அதற்குள் டொக்டரின் மனைவி, அன்ரி, தட்டோடு வந்துவிட்டார். கற்பூரம், மஞ்சள் எலுமிச்சம்பழம். (பச்சை கிடைக்கவில்லையாம்.)

"கெதியாத் தம்பி, கெதியா. ஒன்பதுக்கு ராகுகாலம்."

டொக்டர்: "இங்க சூரியனே எட்டுக்குத்தான் எழும்புது. உம்மட ராகு எந்த நாட்டு நேரம்?"

"சூரியன் பிந்தினா ராகுவும் பிந்துமே? கதையை விட்டுட்டு ஏறுங்கோ."

"பழத்தை எங்க வைக்கிறது? உதுக்குச் சில்லே இல்லை."

முன் சறுக்குக் கட்டைக்குக் கீழே வைத்தார்கள். 8.52. ஒரே இழுவையில் பிடித்தது. பழம் நசுங்கவில்லை, பனிக்குள் புதைந்துபோனது. அன்ரிக்கு அதுவே திருப்தி. டொக்டர் வளவைச் சுற்றிச் சுற்றி ஓடினார். நான் உள்ளே போய்ப் புட்டுச் சாப்பிட்டேன்.

13, ஞாயிறு

பனி. சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் பன்னிரண்டாம் மாடி அறை யன்னலுக்கு வெளியே எதுவும் இல்லை, வெள்ளை.

அறைத் தோழன் ஆனந்தன்: "என்ன எஞ்சினியர், கை எழும்புதில்லையோ? எங்கட ஹீற்றரையும் ஒருக்காப் பாரன்."

மகிழ்ச்சி. எழுத வெட்கமான மகிழ்ச்சி. இந்த நாட்டில் என் படிப்பு முதல் தடவையாக ஒரு பொருளைத் தொட்டிருக்கிறது.

15, செவ்வாய்

தொழிற்சாலை. மதியம், சான்ட்விச் பாதியில்: கறுப்புக் கம்பியைத் திரும்பப் பூட்டினேனா?

ரேப் சுற்றியது நினைவிருக்கிறது. கத்தரிக்கோல் வைத்த இடம். அன்ரியின் தட்டு. பிறகு கயிறு. இடையில் ஒன்றுமில்லை.

பூட்டாவிட்டாலும் எஞ்சின் ஓடும். நன்றாகவே ஓடும். சாவியால் அதை நிறுத்த முடியாது, அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

16, புதன்

வேலை முடிந்து நூலகம். ஒரு பழுதுபார்க்கும் புத்தகம், பக்கம் நிறைய எண்ணெய் விரல்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கம்பி உறைந்து இறுகிவிட்டால் கையை எடுத்தாலும் வண்டியின் வேகம் குறையாது, உடனே சாவியை அணைக்கவும் என்று எழுதியிருக்கிறது. வேறு வழி, காற்றை அடைக்கும் சோக். முழுக்க இழுத்தால் எஞ்சின் மூச்சடைத்து நிற்கும். ஆனால் முழு வேகத்தில், உறைந்த ஏரிக்கு மேலே, அது யாருக்கு ஞாபகம் வரும்?

டொக்டர் ஞாயிறு ஏரிக்குப் போகிறார்.

இப்போது நினைவில் என் விரல்கள் கம்பியைப் பூட்டுகின்றன. தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அந்த விரல்களில் குளிர் இல்லை. இன்று நான் செய்துகொண்ட நினைவு.

வாங்க: பால், முத்திரை. காலுறை தோய்க்க.

17, வியாழன்

தொலைபேசி எடுத்தேன். அன்ரி.

"என்ன தம்பி?"

"சும்மா எடுத்தனான் அன்ரி."

"சும்மா எடுக்கிற ஆளில்லையே நீர்."

"வண்டி எப்பிடி?"

"உந்தச் சனியனுக்கென்ன, நல்லா இருக்கு. நீர் சாப்பிட்டீரே?"

ஓம் என்று வைத்துவிட்டேன்.

ஆனந்தனிடம் சொன்னேன். "சொன்னா வேலை போகும். சொல்லாட்டி ஆள் போகும். உனக்கு எது வசதி?" பகிடிதான்.

திட்டம்: நாளை அரைநாள் லீவு. ஸ்க்ரூடிரைவர். பிளக் பார்க்கவேண்டும் என்று கராஜுக்குள் போவது, இரண்டு நிமிடம், பூட்டிவிட்டு வெளியே. யாருக்கும் தெரியவேண்டாம்.

18, வெள்ளி

சப்வே, பிறகு பஸ். இரண்டு மணிக்கு ஸ்காபரோ. கராஜ் வெறுமை. தரையில் எண்ணெய் வட்டம் மட்டும்.

டொக்டர் வீட்டில் நின்றார். "ரொபேட் நேற்று ட்ரக்கில ஏத்திக்கொண்டு போயிட்டார்." ரொபேட் அவரோடு வேலைசெய்யும் வெள்ளைக்காரர். ஏரிக்கரையில் வீடு. "நாங்கள் ஞாயிறு போறம்."

"சனிக்கிழமை சாவியாலயோ நிப்பாட்டினீங்கள்?"

"இல்லை. பெற்றோல் முடிஞ்சு தானா நிண்டது. ஏன்?"

அன்ரி தேத்தண்ணி நீட்டினார். கோப்பையை வாங்காமல் சொன்னேன். முழுவதும். எஞ்சின் திறந்ததே இல்லை என்பதையும்.

அன்ரி: "நான்தானே அவசரப்படுத்தினனான்."

"கம்பியைக் கழட்டினது நீரில்லை," என்றார் டொக்டர் அவரிடம். என்னைப் பார்க்காமல் போய், ரொபேட்டின் ஏரிக்கரை வீட்டுக்குத் தொலைபேசியைச் சுழற்றினார். கனநேரம் அடித்தது. எடுத்ததும் ரிசீவரை என் பக்கம் நீட்டினார். "நீர் விட்ட பிழை. நீரே சொல்லும்."

ரொபேட்டின் குரலுக்குப் பின்னால் எஞ்சின் சத்தம். வண்டி வாசலில் ஓடிக்கொண்டிருக்கிறது, மனைவி ஏரிக்குக் கொண்டுபோகப் போகிறாள், அவசரமா என்றார். ஏறவேண்டாம் என்றேன். முதலில் சாவியை அணைத்துப் பாருங்கள்.

ரிசீவர் மேசையில் விழுந்த சத்தம். கதவு. எஞ்சின் சத்தம் பெரிதாயிற்று. காத்திருந்தேன். ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று நாள் தேடிய பதில்.

திரும்பி வந்தார். "அணைத்துவிட்டேன். நிற்கவில்லையே."

சோக்கை முழுக்க இழுங்கள் என்றேன். மறுபடி கதவு. எஞ்சின் இருமியது. இன்னொரு தரம். நின்றது.

அந்த அமைதியில், தூரத்தில், ஒரு பெண் ஏதோ சொல்லிச் சிரித்தாள். ரொபேட் வந்ததும் பிழை என்னுடையது என்றேன். ஆங்கிலத்தில் அது மிகச் சின்ன வாக்கியம்.

தேத்தண்ணி ஆறிவிட்டது. குடித்தேன்.

திங்கள் ஆய்வுகூடம் போவது பற்றி டொக்டர் ஒன்றும் சொல்லவில்லை. சப்பாத்து மாட்டும்போது பின்னால் வந்து நின்றார்.

"ஞாயிறு ஏழு மணிக்கு இங்க நில்லும், எங்களோட ஏரிக்கு வாரும். கம்பியை நீர்தான் பூட்டவேணும்."

"ஓம் டொக்டர்."

"இந்தமுறை நான் பக்கத்தில நிண்டு பாக்கிறன்."