கண்கட்டுக்குள் வந்த சொல்

இன்று ஆடி வெள்ளி. போளிக்கு மைதா பிசைந்து எண்ணெய் தடவி மூடி வைத்திருந்தேன். அரைமணி கழித்து ஓர் உருண்டையைக் கிள்ளியபோது அதன் குளிர்ச்சி விரலில் ஏறியது. என்ன தோன்றியதோ, அடுப்பைக் குறைத்துவிட்டு, கண்ணை மூடி, மாவைத் தட்டி இமைமேல் வைத்துப் பார்த்தேன். பச்சை மாவின் வாசனை. உடனே, கறுப்புத் துணியோடு என் பின்னால் நின்று கேலியாகக் கேட்பதுபோல் உங்கள் குரல் கேட்டது அக்கா: "மதாம், கட்டலாமா?"

நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் போளியைக்கூட அப்படியே போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

ரெட்டியார்பாளையத்தில் நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். நான் குளித்து நூற்றெட்டுப் போற்றி சொல்லாமல் அடுப்புப் பற்றவைக்காதவள். நீங்கள் மில் தொழிலாளியின் மகள், சங்கக் கொடியைப் பார்த்து வளர்ந்தவர். கோயில் வாசல்வரை என்கூட வருவீர்கள். என் செருப்பைக் காவல் காப்பதோடு சரி.

"உன் சாமிய நான் ஒண்ணும் சொல்லலடி. அது பேரச் சொல்லிக்கினு ஊர ஏய்க்கிறான் பாரு, அவனத்தான் சொல்றேன்" என்பீர்கள். ஏதோ ஒரு பயிற்சி முகாமுக்குப் போய், பிறர் மனதைப் படிப்பதுபோல் காட்டும் வித்தையைக் கற்றுவந்திருந்தீர்கள். குறி சொல்கிறவர்கள் செய்வதை நாமும் கூட்டத்தின் முன் செய்துகாட்டுவது, முடிந்ததும் எப்படிச் செய்தோம் என்று அங்கேயே உடைத்துச் சொல்லிவிடுவது. இதுதான் உங்கள் திட்டம். கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, நீங்கள் கையில் பிடித்த பொருளின் பேரைச் சொல்லத் துணைக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"நீ வந்தாதான் எடுபடும். உன் நெத்தியப் பாத்தாலே சூடம் காட்டணும்னு தோணுது" என்று சிரித்தீர்கள். நான் பத்தாவதுகூட முடிக்காதவள், எனக்கு இதெல்லாம் வருமா என்றேன். "பால்காரன், கேஸ்காரன் எல்லாரையும் கோடு போட்டு எழுதி வெச்சிருக்கியே, அந்தத் தல போதும்."

முதலில் சின்ன மேடைகளில்தான் செய்தோம். கண்கட்டின் கீழே மூக்கோரம் ஓர் இடுக்கு இருக்கும். எதிரில் நின்று நீங்கள் பொருளைத் தாழ்த்திப் பிடித்தால் தெரிந்துவிடும். ஆனால் ஊர்ப்புறத்துக்குப் போனபோது மேடை ஏது? பெண்கள் வரிசையாகவா உட்காருவார்கள்? வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலியைப் போட்டதும் சுற்றி வளைத்து உட்கார்ந்துவிடுவார்கள். பக்கவாட்டில் இருப்பவள் என் தலை சாய்வதைப் பார்த்துவிடுவாள். முதல் தடவையே ஒரு கிழவி, "ஏ, அது ஓரக்கண்ணால பாக்குது!" என்று கத்தி மானத்தை வாங்கினாள்.

"நல்லதாப் போச்சி," என்றீர்கள் நீங்கள். "மேடன்னா பின்னாடி எவனோ ஒளிஞ்சிக்கினு சொல்றான்னுவாங்க. நாலு பக்கமும் ஆளு இருந்தா ஒளிய எடமே கெடையாது. இதுலதான் செய்யணும்."

அப்படி வந்ததுதான் மைதா மாவு. இரண்டு கண்ணிலும் மாவை அப்பி, மேலே கறுப்புத் துணி. பிறகு எனக்குச் சேதி வர உங்கள் கொலுசு ஒன்றுதான் வழி. யாரிடமாவது ஒரு பொருளை வாங்கிக்கொண்டு நின்றதும் கொலுசு ஒருமுறை சிணுங்கும். நான் மனதுக்குள் எண்ணத் தொடங்குவேன். அடுத்த சிணுங்கலில் நிறுத்துவேன். ஒன்று சாவி, இரண்டு சீப்பு, மூன்று சுருக்குப்பை என்று என் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இருபத்து நான்கு பொருள்கள். செல்போன் அப்போதுதான் கைக்குக் கை வந்துகொண்டிருந்தது. அதைக் கடைசியில் சேர்த்தோம்.

சிக்கல் வேகத்தில் இருந்தது. நீங்கள் ஏழு எண்ணும்போது நான் ஒன்பது எண்ணிவிடுவேன். சீப்பைச் சுருக்குப்பை என்பேன். ஒருநாள், "காலைல மொணமொணன்னு ஒண்ணு சொல்லுவியே, அது தெனம் ஒரே வேகத்துலதானே ஓடுது?" என்று கேட்டீர்கள். என் போற்றிதான். ஒரு பொருளுக்கு ஒரு போற்றி. அம்மன் பேரை வித்தைக்கு அளவுகோலாக வைக்கலாமா? இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உங்கள் குரல், என்கூடவே, திக்கித் திக்கிப் போற்றி சொல்லிக்கொண்டிருந்தது. சாமி இல்லை என்கிற வாய்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எண்ணத்தானே சொல்கிறீர்கள் என்று தெரியும். ஆனாலும் சம்மதித்தேன்.

ஒரே ஒரு கட்டளை போட்டீர்கள். "பொருள மட்டுந்தான் சொல்லணும். நாளைக்கு நடக்கப் போறத யாரு கேட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது."

சேதராப்பட்டில் அதை மீறினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். நடுவில் உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது அக்கா, நீங்கள் நடந்துகொண்டே இருப்பவர். கண் இல்லை. முதுகுப்பக்கம்கூட மூச்சு, மல்லிகைப்பூ, வெற்றிலை, குழந்தைகளின் எச்சில் வாசனை. அன்று கொலுசு எனக்கு நேர் பின்னால் நின்றது. ஒன்பது போற்றி. "மருந்துச் சீட்டு" என்றேன். கூட்டம் 'ஆ' என்றது.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் குரல், அழாமல், தாழ்ந்து: "என் கொழந்தைக்கு நல்லாவுமா தாயி?"

நீங்கள் கைதட்டி அவளை நிறுத்தப் போனீர்கள். அதற்குள் நான் சொல்லிவிட்டேன். "உன் பொண்ணுக்கு நல்லாயிடுச்சி. இனிமே வராது."

ஆணா பெண்ணா என்று அவள் சொல்லவே இல்லை. என்ன நோய் என்றும் சொல்லவில்லை. பெண் குழந்தைதான். வலிப்பு. வழக்கப்படி நீங்கள் கடைசியில் எல்லாவற்றையும் உடைத்தீர்கள். கொலுசைக் காட்டினீர்கள், பட்டியலைப் படித்தீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் போகும்போது என் காலைத் தொட்டுவிட்டுப் போனாள்.

பத்து நாள் கழித்து அந்த ஊர் பால்வாடி ஆயாம்மா உங்களைத் தேடி வந்தாள். "இன்னாக்கா பண்ணி வெச்சீங்க? அது மாத்திரைய நிறுத்திடுச்சி. கோரிமேடு ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்ன தேதிக்கும் போவல. சாமி சொல்லிடுச்சின்னுது. நேத்து புள்ளைக்கு ரெண்டு தடவ இழுத்துடுச்சி."

நீங்கள் என்னைத் திட்டவில்லை. "பொடவைய மாத்து" என்றீர்கள், அவ்வளவுதான்.

ஒற்றை அறை வீடு. குழந்தை பாயில் படுத்திருந்தது, ஆறு வயதிருக்கும், நாக்கைக் கடித்துக்கொண்டதில் உதடு வீங்கியிருந்தது. நீங்கள் பொறுமையாக மறுபடி எல்லாம் சொன்னீர்கள். என்னைச் சுவர் பார்க்க உட்காரவைத்து, கொலுசைச் சிணுக்கி, அவள் வீட்டுச் சாவியையும் சீப்பையும் சொல்லவைத்தீர்கள். அவள் கொலுசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"பொருளச் சொன்னதுக்குக் கொலுசு. செரி. பொண்ணுன்னு சொன்னதுக்கு எந்தக் கொலுசு?"

"அது குருட்டாம்போக்குல சொன்னதும்மா. பொண்ணு, இல்லன்னா புள்ள. ரெண்டுல ஒண்ணு."

"நீ சாமி இல்லங்கறவ, நீ அப்படித்தான் சொல்லுவ. அவங்க சொல்லட்டும்."

எழுந்துபோய் மாடத்திலிருந்து கற்பூரத்தை எடுத்துவந்தாள். என் முன்னால் தரையில் வைத்துக் கொளுத்தினாள். "சூடத்த அணைச்சி சத்தியம் பண்ணு. உன் மேல சாமி வரலன்னு சொல்லு. கேக்கறேன்."

என் வாழ்நாளில் சத்தியம் என்று ஒன்று நான் செய்ததில்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். முதல்முறையாக உங்கள் கண்ணில் கெஞ்சல் இருந்தது. பாயில் அந்தக் குழந்தை என் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளங்கையை நெருப்பின்மேல் வைத்து அழுத்தினேன். "என் மேல சாமி வரல. வாய்க்கு வந்தத சொன்னேன். அம்மன் மேல சத்தியம்."

அவள் முகம் அப்படியே வாடிப்போனது. ஒரு நல்ல சேதியை அவள் கையிலிருந்து பிடுங்கியதுபோல் இருந்தது எனக்கு. "அப்ப மாத்திரைய குடுக்கட்டுமா?" என்றாள்.

"குடு. இப்பவே குடு."

மறுநாள் நீங்களே அவளோடு பஸ் ஏறிக் கோரிமேட்டுக்குப் போனீர்கள். டாக்டர் திட்டியதையெல்லாம் உங்கள் தலைமேல் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். அந்தச் சிறுமி மாத்திரையை விடாமல் தின்று, வலிப்பு குறைந்து, பள்ளிக்கூடம் போனாள் என்று ஒவ்வொரு வருஷமும் விசாரித்து வந்து சொன்னதும் நீங்கள்தான். ஆனால் அதற்குப் பிறகு நாம் கூட்டத்தின் நடுவே நாற்காலி போடவில்லை. நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சூடம் அணைத்த அன்று திரும்பும்போது பஸ்ஸில், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டீர்கள். "குருட்டு அதிர்ஷ்டந்தானேடி அது?"

"ஆமாக்கா" என்றேன்.

அக்கா, அது எனக்குத் தெரியாது. ஒன்பதாவது போற்றி முடிந்திருந்தது, அவள் கேட்டாள், அவ்வளவுதான். நான் யோசிக்கவில்லை, இரக்கப்பட்டுத் தேற்றவும் இல்லை. என் குரலில் அந்த வார்த்தை வெளியே போனபோது, கூட்டத்தோடு கூட்டமாக நானும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பொண்ணு என்று நான்தான் சொன்னேனா? 'நல்லாயிடுச்சி' என்றது பொய்யாகிப்போனது. சாமி பொய் சொல்லுமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டு தேறப் பார்த்ததுண்டு. அந்தக் கேள்வியால் என் மனம் அடங்கவில்லை. உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள் என்று பயந்தேன். சிரிக்காமல் போய்விடுவீர்களோ என்று அதைவிடப் பயந்தேன்.

கையில் பட்ட கரி இரண்டு நாளில் போய்விட்டது. தினமும் காலையில் அம்மன் முன் நிற்கும்போது, வந்ததை வரவில்லை என்று சொல்லிவிட்டேனோ என்று ஒரு கணம் தலை நிமிர மாட்டேன் என்கிறது. ஒருநாள் அம்மன் கேட்கத்தான் போகிறாள். கேட்டால், "பிள்ளைக்கு மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது தாயே" என்று சொல்வேன். மறுபடி அந்த வீட்டில் உட்காரவைத்தாலும் அதே சத்தியத்தைத்தான் செய்வேன் என்றும் சொல்வேன்.