கழிக்கச் சொன்ன ஈரம்

என் செல்லத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். உன் மருமகளுக்குச் சளி. மூக்கடைத்து, பால் குடிக்க முடியாமல் அழுது, இப்போதுதான் கண்ணயர்ந்தாள். நீ வைத்த ‘சுண்டெலி’தான் வீட்டில் அவள் பெயராகவே நிலைத்துவிட்டது. அவள் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பதே எனக்கு முழுநேர உத்தியோகம் என்று உன் மாமா கிண்டல் செய்கிறார். செய்யட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆய்வு முகாமில் போன் நம் குழுத்தலைவர் கையில், மெயிலும் அவர் மேசை வழியாகத்தான். சட்டை மடிப்புக் கலையாத அந்த இஸ்திரிப்பெட்டி நான் கூப்பிட்டால் இப்போது எடுப்பதும் இல்லை. அதனால்தான் பார்சலுக்குள் இந்தக் கடிதம்.

கடைசியாக நீ பறந்த மூன்று பயணங்களின் அளவுகள் வந்தன. ஓசோனைத் தின்கிற அந்தக் குளோரின் வாயு, வெளிக்காற்றைக் கருவிக்கு இழுக்கிற குழாயின் சுவரில் பட்டாலே காணாமல் போய்விடும். அதற்காகத்தானே குழாயைக் குட்டையாக்கி, உன் முழங்காலுக்குப் பக்கத்தில் விமானத்தின் சுவரையே துளைத்துப் பொருத்தினோம். அந்தத் துளையை அடைத்திருப்பது ஒரு ரப்பர் வளையம்.

அவ்வளவு உயரத்தில் காற்றில் ஈரம் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் உச்சிக்குப் போனதும் கருவி ஈரம் காட்டுகிறது, ஒவ்வொரு தடவையும் முந்தைய தடவையைவிட அதிகமாக. போனை எடுத்துக்கொண்டிருந்தபோதே தலைவரிடம் சொன்னேன். “கொஞ்சம் ஈரம்தானேம்மா, கழிச்சுட்டுக் கணக்குப் போடு” என்றார். மெக்கானிக் தரையில் இரண்டு முறை சோதித்துவிட்டாராம், ஒழுகலே இல்லையாம். பிள்ளை பெற்ற பிறகு எனக்கு எல்லாமே ஆபத்தாகத் தெரிகிறதாம்.

தரையில் ஒழுகாதுடா. சுண்டெலியை இடுப்பில் வைத்துக்கொண்டு லேபுக்குப் போய், அதே வளையத்தின் ஜோடியை உறைகுளிர்ப் பெட்டியில் போட்டுப் பார்த்தேன். குச்சி மாதிரி விறைத்துவிட்டது. உள்ளங்கையில் வைத்திருந்தேன், சற்று நேரத்தில் பழையபடி ரப்பர். கீழே இறங்கியதும் நல்ல பிள்ளையாகிவிடுகிறது, மேலே போனால் வாயைத் திறக்கிறது. கேபின் காற்று வெளியே கசிந்து, குழாய் வாய்க்குள்ளும் போகிறது. அந்த ஈரம் வானத்துடையது இல்லை. உன் மூச்சைத்தான் என்னைக் கழிக்கச் சொல்கிறார்.

அளவுகளோடு நீயும் பைலட்டும் பேசிய ஒலிப்பதிவும் வந்தது. நீ ஒரு ஜோக் சொன்னாய், பல் டாக்டரிடம் போன பூட்டுக்காரர். பைலட் விழுந்து விழுந்து சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து அதையே சொன்னாய். அவரும் சிரித்தார். மூன்றாம் தடவையும் சொன்னாய். அப்போதும் முதன்முதலாகக் கேட்கிறவர் போலவே சிரித்தார். “பையன் எவ்வளவு குஷியா இருக்கான் பாரு” என்று அம்மாவும் கூடச் சிரித்தாள். நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். ஆக்சிஜன் குறைந்தால் குடித்தவர்கள் மாதிரி இப்படித்தான் ஆகும். மேலே போனால் மனசு லேசாகிறது, இறங்கினால் தலைவலி என்று நீ போன மாதம் சொன்னபோது, நானும்தானே சிரித்தேன்.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. சுண்டெலி பிறக்காமல் இருந்திருந்தால் அந்த இருக்கையில் நான் உட்கார்ந்திருப்பேன்.

பார்சலில் சுண்டெலியின் சட்டைக்குள் சுருட்டி வைத்திருப்பது புது வளையம், சிலிக்கோன் ரப்பர். குளிரில் போட்டுப் பார்த்துவிட்டேன், விறைக்கவில்லை. பைலட்டை அழைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போ. சரக்கு விமானம் நாளை மறுநாள் காலை அங்கே வருமாம். நீ பறப்பதும் அன்று காலைதான். இதை நீ படித்துக்கொண்டிருந்தால் சரக்கு விமானம் முந்திவிட்டது.

மாட்ட நேரமில்லை என்று சொன்னால் வயிற்றுவலி என்று படுத்துவிடு. இல்லை, ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றாதே. பேச வசதியாக இல்லையென்று இரண்டு பேரும் கழற்றி வைக்கிறீர்களே, அது வேண்டாம். கேபினில் காற்று குறைந்தால் அடிக்கிற எச்சரிக்கை மணிக்காகக் காத்திருக்காதே. இப்படி மெதுவாகக் கசியும்போது அது தாமதமாகத்தான் அடிக்கும், அதற்குள் அதுவும் உனக்கு வேடிக்கையாகிவிடும். மேலே சிரிப்பு வந்தால் உடனே இறங்கச் சொல்.

தம்பி சந்தோஷமாக இருக்கட்டும் என்றுதான் எந்த அக்காவும் வாழ்த்துவாள். நீ மேலே இருக்கும்வரை பயந்துகொண்டே இரு, சிடுசிடுத்துக்கொண்டே இரு, எல்லோரிடமும் சண்டை போடு. இறங்கி வந்து அந்த ஜோக்கை எனக்குச் சொல். ஒரே ஒரு தடவை.

உன் அக்கா