யன்னலுக்கு முதுகு காட்டி

ஜூன் 12, வியாழன்
வெரிபீயில் குளிர்காலக் காலை, மூன்று டிகிரி. புல்லெல்லாம் வெள்ளை. வேலை இரண்டு மணிக்குத்தான்.

கமராவைத் துடைத்தேன். ஞாயிறு மதியம் சிட்னியிலிருந்து குகனின் தாய் தகப்பன் வருகிறார்கள். குகன், மகள் மதுரா தானே விரும்பிய பொடியன். அவனைப் பெற்றவர்கள் அவளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பெரிய யன்னலுக்கு முன்னால் எல்லோரையும் இருத்தி ஒரு படம். பின்னால் வெளியே தேசிமரம் மஞ்சள் எலுமிச்சையாய்க் காய்த்துத் தொங்குகிறது.

மனைவி சாந்தியை வைத்து ஒத்திகை. மரம் அழகாக வந்தது. முகம் கறுப்பு.

"இதென்ன, புட்டுப்பானையின்ர அடியோ?" என்றாள்.

ஜூன் 13, வெள்ளி
மழை. மீன் வாங்க ஸ்பிரிங்வேல் சந்தைக்கு. போக வர இரண்டு மணித்தியாலம் காருக்குள்.

கமரா யன்னலின் வெளிச்சத்தைக் கணக்கெடுத்து முகத்தை இருட்டாக்குகிறது. முகத்தைக் குறிவைத்து அளந்தால் முகம் தெரியும், மரம் வெளிறிவிடும். இரண்டும் வேண்டுமென்றால் பிளாஷ்.

ஜூன் 14, சனி
மதுரா கமராவை எட்டிப் பார்த்தாள். சாந்தியின் கறுத்த படத்தில் நிறுத்தினாள்.

"அப்பா, நீங்கள் அந்த யன்னல் கதிரையில இருந்து கதைக்கேக்க எனக்கு இப்பிடித்தான் தெரியும்."

மூன்று வயதிலிருந்து காதுக் கருவி. பாதி கேட்டு, மீதியை வாயைப் பார்த்து விளங்கிக்கொள்கிறவள்.

"அப்ப என்ன செய்வாய்?"

"விளங்காட்டிலும் ஓம் எண்டு தலையாட்டுவன்." சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருடம். பின்னேரங்களில் அதே கதிரை. எத்தனை கதை சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஓம்.

கதிரையைத் திருப்பிப் போட்டேன். யன்னலுக்கு முன்னாலிருந்த சோபா செற்றியையும் மாற்றுவோம் என்றேன். சாந்திக்கு விருப்பமில்லை. "வாற ஆக்கள் யன்னலடியில இருந்தாத்தான் வடிவு. காது விசயம் குகன் சொல்லியிருக்கிறான்தானே. முதல் நாளே நாங்கள் எடுத்துக் காட்டவேணுமோ?"

வாதாடவில்லை. வாதாடியிருக்க வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு
நல்ல வெயில். அதுதான் வினை. குகன் தாய் தகப்பனைக் கூட்டிவந்தான். யன்னலடியில் குகனின் தாய், மெல்லிய குரல்.

"எங்க பிள்ளை வேலை செய்யிறீங்கள்?"

"ஓம்" என்றாள் மதுரா.

தாய் குகனின் தகப்பனைப் பார்த்தார். சாந்தி தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றுவிட்டாள். மகளுக்காக நானே பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மதுரா எழுந்தாள்.

"அன்ரி, உங்கட முகம் எனக்கு இருட்டா இருக்கு. நீங்கள் கேட்டது விளங்கேல்ல. சும்மா ஓம் எண்டிட்டன். இந்தப் பக்கம் வந்து இருக்கிறீங்களோ? நான் அங்க வாறன்."

குகனின் தாய் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்து, முகத்தில் வெயில் பட இருந்தார்.

"இப்ப தெரியுதோ?"

"ஓம். இது உண்மையான ஓம்."

குகன்தான் முதலில் சிரித்தான். அதற்குப் பிறகு மதுராவும் குகனின் தாயும்தான் கதை. மதுரா வேலை செய்யும் இரத்தப் பரிசோதனைக் கூடம், இரவு வேலை, நண்டுக்கறி. சோறு ஆறிப்போனது.

படம் எடுத்தேன். பிளாஷ் போடவில்லை. மதுராவின் முகத்தைக் குறிவைத்தேன். தேசிமரம் வெறும் வெள்ளை, ஒரு காயும் தெரியவில்லை. போகட்டும். முகம், கண், காதில் கருவி, எல்லாம் தெளிவு. யாரிடமும் அனுமதி கேட்காத முகம். என் மகள்.

ஜூன் 16, திங்கள்
மூட்டம். சாந்திக்குத் தடிமன், தும்மிக்கொண்டே இருக்கிறாள். கார் சேர்விஸுக்கு விடவேண்டும்.

காலையில், இரவே சிட்னிக்குத் திரும்பிவிட்ட குகனின் தாயிடமிருந்து வீடியோ கோல். "பிள்ளை, குசினி யன்னலைப் பாத்தபடி இருக்கிறன். முகம் வடிவாத் தெரியுதோ?"

மதுரா போனோடு அறைக்குள் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. கலியாண மண்டபக் கதை. கொஞ்ச நேரத்தில் அவள் குரல்: "இல்லை அன்ரி, எனக்கு அது விருப்பமில்லை."

சாந்தி நெஞ்சில் கை வைத்தாள். நான் வெளியே போய்த் தேசிமரத்தடியில் நின்று தனியாகச் சிரித்தேன்.